பக்கேஜ் கூடியது, வேகம் கூடவில்லை: யாழ்ப்பாணத்தில் டிஎஸ்எல் வேக உயர்வு பற்றிய மதிப்பீடு

யாழ்ப்பாணத்தில் இன்னமும் ரெலிபோன் வயரில் இன்ரநெற் எடுக்கிற, அதாவது டிஎஸ்எல் பாவிக்கிற வீடுகள் கனக்க. ஃபைபர் எல்லா ஒழுங்கைக்கும் வந்து சேரவில்லை. நாலு ஜி கோபுரத்துக்குக் கிட்ட வீடு இல்லாதவர்களுக்கு 021 இல் தொடங்குகிற அந்தப் பழைய இணைப்புத்தான் கதி. அந்த இணைப்புக்கு வேகத்தைக் கூட்டித் தருகிறோம் என்று விற்கப்படும் பக்கேஜைத்தான் இங்கே மதிப்பிடுகிறோம். மாதக் காசு கூடுகிறது, யூரியூப் மட்டும் பழையபடி சுற்றிக்கொண்டு நிற்கிறது என்பதுதான் இதைப்பற்றி அடிக்கடி கேட்கிற முறைப்பாடு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ரெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்தோ வீதியோரக் கபினெற்றிலிருந்தோ இரண்டு கிலோமீற்றருக்குள் வயர் ஓடும் வீட்டுக்கு இது கொடுக்கிற காசுக்குத் தகும். மூன்றரைக்கு மேலே தகாது. இடையில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தூணிலிருந்து ரவுட்டர் வரை வருகிற கடைசி முப்பது நாற்பது மீற்றர்தான் முடிவு சொல்லும். அந்த முப்பது மீற்றரில் பாதி உங்கள் கையில் இருக்கிறது.

பக்கேஜை மாற்றும்போது ஒருவரும் வயரைத் தொடுவதில்லை. எக்ஸ்சேஞ்சில் உங்கள் இணைப்புக்குப் போட்டிருந்த வேகக் கட்டைத் தளர்த்துகிறார்கள், அவ்வளவுதான். உங்கள் வயர் 12 மெகாபிற் தாங்கக்கூடியது என்று வையுங்கள். 4 மெகாபிற் பக்கேஜில் இருந்த காலத்தில் மிச்சமெல்லாம் கையிருப்பாக நின்றது. அந்தக் கையிருப்பைத்தான் ரவுட்டர் எஸ்என்ஆர் மார்ஜின் என்று டெசிபலில் காட்டும். பழைய பக்கேஜில் 18, 20 என்று நின்ற மார்ஜின் புதியதில் 6 க்கு இறங்கும். 20 இல் நிற்கும்போது ஒரு மூட்டில் கறல் பிடித்தாலும், பக்கத்து வளவில் தண்ணி மோட்டர் ஓடினாலும் உங்களுக்குத் தெரியாது. 6 இல் நிற்கும்போது ஒவ்வொன்றும் தெரியும். "கூட்டின பிறகுதான் பழுதாகினது" என்று ஆட்கள் சொல்வது இதனால்தான். பழுது முன்னரே இருந்தது; அது ஒளிந்திருக்க இடமில்லாமல் போய்விட்டது.

இன்னொரு காரணம் இருக்கிறது, அதைக் கனபேர் யோசிப்பதில்லை. டிஎஸ்எல்லில் சில வகைகள் உண்டு. பழைய ஏடிஎஸ்எல் 1.1 மெகாஹேட்ஸ் வரைக்கும்தான் வயரைப் பாவிக்கும். உச்சம் 8 மெகாபிற். ஏடிஎஸ்எல் 2 பிளஸ் 2.2 மெகாஹேட்ஸ் வரை போகும், உச்சம் 24. விடிஎஸ்எல் 2 இன் 17ஏ வகை 17.6 மெகாஹேட்ஸ் வரை ஏறும். வேகத்தைக் கூட்டுவது என்றால் அநேகமாக இந்த மேல் அலைவரிசைகளைத் திறப்பதுதான். அங்கேதான் வீட்டில் கைவிட்ட வயர்கள் வந்து மறிக்கும். விறாந்தையில் இருந்த ரெலிபோனை எடுத்துவிட்டு வயரை மட்டும் சுவரோடு விட்டிருக்கிற வீடுகள் எத்தனை! அந்த வெறும் முனையில் சிக்னல் பட்டுத் திரும்பி வந்து, முன்னால் போகிற சிக்னலையே அடித்துவிடும். செம்புக் கம்பியில் சிக்னல் செக்கனுக்கு ஏறக்குறைய இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடும். அதை வெறும் வயரின் நீளத்தின் நாலு மடங்கால் பிரித்தால் எந்த அலைவரிசை அழிந்து குழி விழும் என்பது வரும். 30 மீற்றர் வயருக்கு அது 1.67 மெகாஹேட்ஸ். பழைய பக்கேஜ் 1.1 உடன் நின்றதால் அந்தக் குழி அதற்குப் படவேயில்லை. புதியது நேரே போய் அதற்குள் விழும். விடிஎஸ்எல் என்றால் 5 மீற்றர் துண்டே போதும், குழி 10 மெகாஹேட்ஸில் விழும். சில ரவுட்டர்கள் இதைப் படமாகவே காட்டும்: மேடுபோலப் போகிற வரைபடத்தில் ஓரிடத்தில் மட்டும் பல் விழுந்ததுபோல ஒரு பள்ளம்.

வயரைத் தொட முதல் ரவுட்டரின் பக்கத்தைத் திறவுங்கள். அநேகமானவற்றுக்கு 192.168.1.1. பெயரும் கடவுச்சொல்லும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். ஸ்டேற்றஸ் என்பதற்குள் டிஎஸ்எல் என்று ஒரு பக்கம் இருக்கிறது. டவுன்ஸ்ட்ரீம் ரேற் என்பது ரவுட்டரும் எக்ஸ்சேஞ்சும் பேசி ஒத்துக்கொண்ட வேகம், கிலோபிற்றில் இருக்கும். அற்றெய்னபிள் ரேற் என்பது வயர் தாங்கக்கூடிய வேகம். அற்றெனுவேசன் என்பது வழியில் தேய்ந்துபோன அளவு. அதோடு மார்ஜின், சிஆர்சி பிழை எண்ணிக்கை (வழியில் கெட்டுப்போய் வந்த தரவின் கணக்கு), இணைப்பு அறாமல் நிற்கிற நேரம். மழை இல்லாத நாளொன்றில் இவ்வளவையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பக்கேஜைக் கூட்ட முதலே எடுத்து வைத்தவர்கள் புத்திசாலிகள். பிறகு பேரம் பேச அதைவிட நல்ல சாட்சி இல்லை.

எண்களை வாசிக்கும்போது ஒரு கழிவு உண்டு. ஏடிஎஸ்எல்லில் தரவு 53 பைற் பொட்டலங்களாக வரும். அதில் 5 பைற் விலாசத்துக்கே போய்விடும், மேலே இன்னும் சில சுற்றுத்தாள்கள். ஆகவே ரவுட்டர் 16,000 என்று காட்டினால் ஸ்பீட் டெஸ்ற்றில் 13.5 முதல் 14 வரைதான் வரும், டவுன்லோட்டில் செக்கனுக்கு 1.7 மெகாபைற். இது பழுதல்ல. 16 என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டுவிட்டு இந்தக் கழிவைச் சொல்லாமல் விடுவது சரியில்லை என்பது வேறு விடயம்.

ரேற் புதிய பக்கேஜின் அளவுக்கு ஏறியிருந்தும் டவுன்லோட் பழைய பக்கேஜின் அளவிலேயே அச்சொட்டாக நிற்கிறது என்றால் வயரில் குற்றமில்லை. கணக்குப் பக்கத்தில் பழைய கட்டு இன்னும் கழரவில்லை, அல்லது மாத டேற்றா முடிந்து வேகத்தைக் குறைத்துவிட்டார்கள். மீதி டேற்றாவைப் பாருங்கள். ரவுட்டரைப் பத்து நிமிடம் அணைத்துவிட்டுப் போடுங்கள். பழைய லொகின் அறுந்து புதியது தொடங்கும். அதற்கும் சரிவராவிட்டால் முறைப்பாடுதான், வீட்டில் நோண்டிப் பிரயோசனமில்லை. ரேற் குறைவு, ஆனால் அற்றெய்னபிள் நன்றாக உயரத்தில் நிற்கிறது என்றால், எக்ஸ்சேஞ்சில் கட்டை மாற்ற மறந்துவிட்டார்கள், அல்லது ரவுட்டரில் மொடுலேசன் என்ற இடத்தில் பழைய ஏடிஎஸ்எல்லுக்கான ஜி டிஎம்ரி தெரிவாகி இருக்கிறது. அதை ஓட்டோ ஆக்குங்கள். பழைய ஏடிஎஸ்எல் ரவுட்டர் விடிஎஸ்எல்லை எடுக்கவே எடுக்காது. பெட்டியில் விடிஎஸ்எல் 2 என்று அச்சடித்திருக்கவேண்டும்.

ரேற்றும் அற்றெய்னபிளும் இரண்டுமே குறைவு என்றால் அற்றெனுவேசனைப் பாருங்கள். 0.4 மில்லிமீற்றர் செம்புக் கம்பியில் கிலோமீற்றருக்கு 13, 14 டெசிபல் தேயும். ஏடிஎஸ்எல் 2 பிளஸில் 20 டெசிபலுக்குள் என்றால் 20 மெகாபிற்றை எட்டலாம். 30 இல் 15 அளவு. 40 இல் 9, 10. 50 இல் 5 வந்தால் பெரிய காரியம், 60 இல் 2. வீட்டு மாடியில் நின்றால் எக்ஸ்சேஞ்ச் கோபுரம் தெரிகிறது என்பதற்காக வயரும் கிட்டத்தான் என்று நினைக்கக்கூடாது, கேபிள் வீதியோடு வளைந்து வளைந்துதான் வரும். உங்கள் வீட்டு எண் இந்தக் கணக்குக்கு ஒத்துவந்தால் தூரம்தான் காரணம். எந்த ரவுட்டரை வாங்கினாலும் அது மாறாது. 25 டெசிபல் இருந்தும் 6 மெகாபிற்தான் வருகிறது என்றால் பழுது இருக்கிறது, அதைப் பிடிக்கலாம்.

பிடிக்கிற முறை நேரானது. தூணிலிருந்து வருகிற வயர் வீட்டுக்குள் நுழைந்து முதன்முதலாக ஏறும் பெட்டியைக் கண்டுபிடியுங்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் அது பெரும்பாலும் முன் விறாந்தையில், வளைக்குக் கீழே, இரண்டு மூன்று தடவை சுண்ணாம்போ பெயின்ரோ பூசி மூடிப்போய் இருக்கும். அந்தப் பெட்டியிலிருந்து வீட்டுக்குள் போகும் எல்லா வயரையும் கழற்றிவிட்டு, ஒரு குட்டி வயரால் ரவுட்டரை மட்டும் அதில் கொழுவுங்கள். ஐந்து நிமிடம் பொறுத்து எண்களைப் பாருங்கள். ஏறினால் குற்றம் வீட்டுக்குள்ளே. ஏறாவிட்டால் தூண் பக்கம், அது நிறுவனத்தின் பொறுப்பு. கவனம்: லைனில் 48 வோல்ற் எப்போதும் இருக்கும், மணி அடிக்கும்போது அதைவிடக் கூட ஏறும். வேலை செய்யும்போது அழைப்பு வந்தால் கை சுண்டும். இடி முழக்கம் கேட்கும் நாளில் தொடவேண்டாம்.

அந்தப் பெட்டியைத் திறந்து ரோச் அடித்துப் பாருங்கள். குருநகர், காரைநகர், பருத்தித்துறை போன்ற கடலோரங்களில் திருகாணிக்குக் கீழே செம்பு தெரியாது. பச்சைக் களிம்புதான் தெரியும். நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும். உப்புக்காற்றின் வேலை அது. குரலுக்கு அந்த மூட்டுப் போதும், போனில் எதுவும் வித்தியாசமாகக் கேட்காது. டிஎஸ்எல்லுக்கு அது சுவர். களிம்பைச் சுரண்டித் திரும்பத் திருகுவது மூன்று மாதத்துக்குத்தான் நிற்கும். கறுத்த பகுதியை இரண்டு மூன்று சென்ரிமீற்றர் வெட்டி எறிந்துவிட்டு, பளபளவென்று செம்பு தெரிகிற இடத்திலிருந்து புதிதாக மூட்டுங்கள். வெறுமனே முறுக்கி ரேப் சுற்றாமல், உள்ளே ஜெல் அடைத்த சின்ன அமுக்கு மூட்டிகளைப் பாவியுங்கள். இரண்டு வயரையும் தோல் சீவாமலே உள்ளே விட்டுக் குறடால் அமுக்கினால் போதும், ஜெல் உப்புக்காற்றை உள்ளே விடாது. இந்த மதிப்பீட்டில் நாங்கள் சிபாரிசு செய்கிற மிகப் பெறுமதியான சாமான் அதுதான், விலையும் மிகக் குறைவு.

வயர் வீட்டுக்குள் நுழையும் துவாரத்துக்குச் சற்றுக் கீழே ஒரு வளையம் தொங்கவேண்டும். இல்லாவிட்டால் மாரி மழை வயரோடு வழிந்து நேரே பெட்டிக்குள் இறங்கும். தென்னோலையும் பனையோலையும் காற்றுக்கு உரசுகிற இடங்களையும் பாருங்கள். தோல் தேய்ந்து கம்பி தெரிந்தால் அந்த வயர் முழுக்க மாறவேண்டும்.

இனி இணைப்போடு தருகிற பொதி. குரலையும் இன்ரநெற்றையும் பிரித்துவிடுகிற ஸ்பிளிற்றர் பரவாயில்லை, ஆனால் ஒன்றுதான் தருகிறார்கள். வீட்டில் மூன்று ரெலிபோன் இருந்தால், டிஎஸ்எல் சிக்னலை ரெலிபோனுக்குள் போகாமல் மறிக்கிற பில்ரர் இல்லாத மற்ற இரண்டும் அதைக் குடிக்கும். மூன்றுக்கு மூன்று பில்ரர் வாங்குவதைவிட, முதல் பெட்டியிலேயே ஸ்பிளிற்றரைப் பூட்டி, ஒரு பக்கம் ரவுட்டர், மறுபக்கம் எல்லா ரெலிபோனும் என்று பிரிப்பது மேல். அப்படிச் செய்தால் கைவிட்ட வயர்களும் பில்ரருக்குப் பின்னால் போய்விடும், குழிப் பிரச்சினையும் தீரும். பக்கவயர்களைப் பெட்டியிலிருந்து அறவே கழற்றிவிடுவது இன்னும் நல்லது.

பொதியில் வருகிற தட்டையான சாம்பல் வயரை நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம். அதற்குள் இரண்டு கம்பியும் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன, முறுக்கு இல்லை. முறுக்கு இருந்தால்தான் வெளி இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறி ஒன்றையொன்று கழித்துவிடும். இரண்டு மீற்றருக்குள் தட்டை வயர் பரவாயில்லை. பத்து மீற்றர் என்றால் அது அன்ரெனா. நெற்வேர்க் கேபிளில் ஒரு சோடியை எடுத்து இழுங்கள்: நீலமும் நீல வெள்ளையும். நீலம் ஒன்று, செம்மஞ்சள் ஒன்று என்று எடுத்துவிட்டால் முறுக்கே இல்லாததற்குச் சமம், தட்டை வயரைவிட மோசமாகும். வேலை முடிந்ததும் நிறத்தைத் திரும்பப் பாருங்கள். இந்தப் பிழை பழகின கைகளுக்கே நடக்கும்.

மின்னலுக்கென்று விற்கும் மலிவான ரெலிபோன் சேர்ஜ் பெட்டிகளும் வேகத்தைக் குறைக்கும். உள்ளே இருக்கும் பாகம் உயர் அலைவரிசையைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். வாயுக்குழாய் வகை என்றால் பாதிப்பு மிகக் குறைவு. எப்படி இருந்தாலும் ஐப்பசி, கார்த்திகை இடிக்காலத்தில் ரெலிபோன் வயரையும் கரண்ட் பிளக்கையும் இரண்டையும் கழற்றுங்கள். ஒன்றைக் கழற்றி மற்றதை விட்டால் ரவுட்டர் தப்பாது.

எண்கள் பகலில் நன்றாகவும் பொழுதுபட்டால் மோசமாகவும் இருந்தால், மார்ஜினைக் கவனியுங்கள். மார்ஜின் அசையாமல் வேகம் மட்டும் இரவு ஏழு மணிக்குப் பிறகு விழுந்தால் அது ஊர் முழுக்கப் பாவிக்கிற நெரிசல், உங்கள் வயர் அல்ல. மார்ஜினும் சேர்ந்து விழுந்தால் வீட்டிலோ பக்கத்திலோ ஏதோ ஒன்று இரைகிறது: மலிவான எல்ஈடி பல்ப், மலிவான சார்ஜர், இன்வேர்ட்டர், சிலவேளை ரவுட்டரின் சொந்த அடாப்டரே. இதைப் பிடிக்கப் பழைய மத்திய அலை ரேடியோ ஒன்று போதும். நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, சத்தத்தைக் கூட்டி, அறை அறையாகக் கொண்டுபோங்கள். குற்றவாளிக்குக் கிட்டப் போகப் போக இரைச்சல் "சர்ர்" என்று ஏறும். பல்பை அணைத்ததும் அது நின்றால் வேலை முடிந்தது.

மழை தொடங்கின உடனே அறுந்தால் வீட்டு வயர் அல்லது தூண் மூட்டு. மழை விட்டு இரண்டு நாள் கழித்து அறுந்தால் நிலத்துக்கடியில் கேபிளுக்குள் தண்ணீர். ரெலிபோன் மணி அடிக்கும்போது மட்டும் அறுந்தால் பில்ரர் இல்லாத ஒரு போன், இல்லாவிட்டால் தளர்ந்த மூட்டு. போனில் சத்தமே இல்லை, இன்ரநெற் மட்டும் ஆமைபோல ஓடுகிறது என்றால் இரண்டு கம்பியில் ஒன்று அறுந்துவிட்டது. போன் வேலை செய்யாதபோதும் டிஎஸ்எல் ஒற்றைக் கம்பியில் தட்டுத் தடுமாறி ஓடும் என்பது பலருக்குத் தெரியாது.

ஒன்றை மட்டும் செய்யவேண்டாம்: பத்து நிமிடத்துக்கு ஒருதரம் ரவுட்டரை அணைத்துப் போடுவது. எக்ஸ்சேஞ்சில் லைனைக் கண்காணிக்கும் முறை இருந்தால், அடிக்கடி அறும் லைனை நோயாளி லைன் என்று எண்ணித் தானே வேகத்தைக் குறைத்துவிடும். அது திரும்ப ஏறச் சில நாட்கள் எடுக்கலாம். ஒரு மாற்றம் செய்தால் ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

வைஃபையைப் பற்றிச் சுருக்கமாக. எல்லா அளவையும் லான் வயரில் கொம்பியூட்டரைக் கொழுவித்தான் எடுக்கவேண்டும். பழைய சுண்ணக்கல் வீட்டுச் சுவர் இரண்டைத் தாண்டினால் எந்த ரவுட்டரின் வைஃபையும் சோர்ந்துவிடும். ரவுட்டரை நடு வீட்டுக்குக் கொண்டுபோவதற்காக ரெலிபோன் வயரை நீட்டாதீர்கள். ரவுட்டரை முதல் பெட்டிக்குக் கிட்ட வைத்து, லான் கேபிளை நீட்டி, உள் அறையில் இன்னொரு வைஃபை பெட்டியைப் பூட்டுங்கள். லான் கேபிள் 100 மீற்றர் வரை ஒரு துளி வேகத்தையும் இழக்காது. ரெலிபோன் வயர் ஒவ்வொரு மீற்றருக்கும் இழக்கும். 2.4 கிகாஹேட்ஸில் சனல் 1, 6, 11 என்ற மூன்றில் ஒன்றை வையுங்கள்.

அப்லோட் வேகத்தையும் மறக்கவேண்டாம். ஏடிஎஸ்எல்லில் அது ஒரு மெகாபிற் அளவுதான், பக்கேஜைக் கூட்டினாலும் பெரிதாக ஏறாது. கைபேசி ஒன்று கலியாணவீட்டுப் படங்களைப் பின்னணியில் ஏற்றத் தொடங்கினால் அந்த ஒரு மெகாபிற்றும் நிரம்பிவிடும். டவுன்லோட்டுக்கு "வந்து சேர்ந்தது" என்று திருப்பிச் சொல்லும் சின்னச் செய்திகளும் அதே வாசலால்தான் போகவேண்டும். அவை வரிசையில் நின்றால் 16 மெகாபிற்றும் 2 ஆகத் தெரியும். படங்கள் ஏற்றுவதை நடுச்சாமத்துக்கு மாற்றுங்கள், அல்லது ரவுட்டரில் அப்லோட்டை 80 சதவீதத்துக்குக் கட்டுங்கள்.

சேவையின் பலவீனமான பக்கம் முறைப்பாடு எடுக்கும் இடம். "இன்ரநெற் ஸ்லோ" என்று மட்டும் சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வதோடு கதை முடியும். எண்ணோடு கதையுங்கள்: "முதல் பெட்டியிலேயே கொழுவிப் பார்த்தாச்சு. அற்றெனுவேசன் 26, மார்ஜின் 4, அற்றெய்னபிள் 7,000, ஒரு மணித்தியாலத்தில் சிஆர்சி இரண்டாயிரம்." போனில் இரைச்சலும் கேட்டால் அதை முதலில் சொல்லுங்கள், குரல் பழுதுக்கு லைனை அளந்து பார்ப்பார்கள். ஓர் இலக்கத்தை அழுத்திவிட்டு டயல் ரோன் நின்ற அமைதியில் கரகரப்புக் கேட்கிறதா என்று முன்னரே பார்த்து வையுங்கள். லைன்மன் வந்தால் தூண் பெட்டியில் மூட்டைப் புதிதாக்கி, தேவையென்றால் வேறு சோடிக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். அவர் போக முதல் ரவுட்டர் பக்கத்தைத் திறந்து அவருக்கு முன்னாலேயே எண்ணைப் பாருங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வையுங்கள்; ஒன்றும் நடக்காவிட்டால் இலங்கை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதும்போது அதைத்தான் கேட்பார்கள்.

இவ்வளவும் செய்த பிறகு அற்றெய்னபிள் ரேற் நீங்கள் காசு கட்டுகிற வேகத்தைவிட நாலில் ஒரு பங்காவது கூட நின்றால் பக்கேஜை வைத்திருங்கள். சமமாகவோ கீழேயோ நின்றால் ஒரு படி இறங்குங்கள். 45 டெசிபலுக்கு மேலே உள்ள வீடுகள், ஃபைபரோ நாலு ஜியோ கிடைக்கும் வரை, பழைய பக்கேஜுக்கே திரும்புவது நல்லது: மார்ஜின் மீண்டும் ஏறி, மாரியிலும் லைன் அடிக்கடி அறாமல் நிற்கும்.